இரும்பை வெட்டும் லேசரைக் கண்ணுக்குள் விடலாமா?

திருமங்கலத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அம்மாவுக்கு நாலு வருடம் முன்பு கண்புரை ஆபரேஷன் ஆனது. நன்றாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது அதே கண்ணில் மறுபடியும் மங்கல். மதுரையில் காட்டினோம். லேசர் போட்டால் சரியாகிவிடும், கொஞ்ச நேர வேலைதான் என்கிறார்கள். நான் கப்பலூரில் ஒரு பட்டறையில் இருக்கிறேன். எங்கள் மெஷினில் லேசர் பத்து மில்லிமீட்டர் இரும்புத் தகட்டை வெட்டுகிறது. அதையா கண்ணுக்குள் விடுவார்கள்? உண்மையில் லேசர் என்றால் என்ன, அது எப்படி வேலை செய்கிறது?"

தம்பி, உங்கள் சந்தேகம் அசட்டுச் சந்தேகம் இல்லை. நீங்கள் நினைப்பதைவிட இரண்டும் நெருங்கிய சொந்தம். உங்கள் பட்டறையில் இருப்பது ஃபைபர் லேசராக இருந்தால், அதன் அலைநீளம் (ஒளியின் நிறத்தைக் காட்டும் எண்) 1070, 1080 நானோமீட்டர் பக்கம் இருக்கும். அம்மாவுக்குப் போடப்போவது யாக் என்ற படிகத்தில் பிறக்கும் யாக் லேசர், 1064 நானோமீட்டர். இரண்டுமே கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி, கிட்டத்தட்ட ஒரே நிறம் என்று சொல்லிவிடலாம். ஆனாலும் அம்மாவை நம்பி அழைத்துப் போகலாம். ஏன் என்று சொல்கிறேன். நான் டாக்டர் இல்லை, இயற்பியல் பாடம் எடுத்தவன். அதனால் அந்தப் பக்கத்திலிருந்து வருகிறேன்.

எந்த அணுவுக்கும் ஆற்றல் படிகள் உண்டு. கீழ்ப்படியில் இருக்கும் அணு சரியான நிறமுள்ள ஒளித்துகள் ஒன்றை விழுங்கினால் மேல்படிக்கு ஏறும். அங்கே அதிக நேரம் நிற்காது. தானாகக் கீழே இறங்கும்போது, விழுங்கிய ஆற்றலை ஒளியாகத் துப்பும். குண்டு பல்பு, டியூப் லைட், எல்.இ.டி. எதுவானாலும் ஒளி பிறப்பது இப்படித் தானாக நடக்கும் இறக்கத்தில்தான். ஒவ்வொரு அணுவும் தனக்குத் தோன்றிய நேரத்தில், தனக்குத் தோன்றிய திசையில் ஒளியை விடும். அதனால்தான் பல்பின் வெளிச்சம் அறை முழுக்கச் சிதறுகிறது.

1917இல் ஐன்ஸ்டைன் மூன்றாவதாக ஒரு வழி இருக்க வேண்டும் என்று கணக்கில் கண்டார். மேல்படியில் காத்திருக்கும் அணுவின் பக்கமாக அதே நிறமுள்ள இன்னொரு ஒளித்துகள் போனால், அது அந்த அணுவைத் தூண்டி உடனே இறங்கவைக்கும். அப்போது வெளிவரும் துகள் தூண்டிய துகளின் நகலாகவே இருக்கும். நிறம், திசை, அலையின் ஏற்ற இறக்கம் எதிலும் வித்தியாசம் இருக்காது. ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். இதைத் தூண்டிய உமிழ்வு என்கிறோம். லேசரின் அடிப்படை இவ்வளவுதான்.

ஆனால் ஒரு சிக்கல். சாதாரணமாக எந்தப் பொருளிலும் கீழ்ப்படியில் இருக்கும் அணுக்களே அதிகம். போகிற ஒளியை அவை விழுங்கிவிடும், நகல் எடுப்பது எங்கே நடக்கும்? ஆகவே வெளியிலிருந்து ஆற்றலைத் திணித்து, மேல்படியில் கூட்டம் அதிகமாக இருக்கும் ஒரு தலைகீழ் நிலையை உண்டாக்க வேண்டும். பிறகு அந்தப் பொருளின் இரு முனையிலும் கண்ணாடி வைக்க வேண்டும். ஒளி முன்னும் பின்னும் ஓடி ஓடிப் பெருகும். ஒரு பக்கக் கண்ணாடி முழுதாகப் பிரதிபலிக்காமல் கொஞ்சத்தை வெளியே விடும். அந்தக் கசிவுதான் நாம் பார்க்கும் லேசர் கற்றை. கண்ணாடிகளுக்கு நேராக ஓடாத ஒளி பக்கவாட்டில் தப்பித்துப் போய்விடும். அதனால் மிஞ்சுவது ஒரே திசையில் போகும் ஒளி மட்டும்.

ஐன்ஸ்டைன் சொன்னதற்கும் அதை யாராவது செய்து காட்டியதற்கும் இடையில் நாற்பது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. சார்ல்ஸ் டவுன்ஸ் 1954இல் முதலில் நுண்ணலையில் செய்தார். ஒளியில் முதலில் செய்தவர் தியோடர் மைமன், 1960 மே 16ஆம் தேதி, கலிஃபோர்னியாவில். அவர் எடுத்துக்கொண்ட பொருள் செயற்கை மாணிக்கம், நம் நகைக்கடையில் கெம்பு என்கிறார்களே, அந்தக் கல். அதைச் சுற்றிச் சுருள் வடிவ ஃபிளாஷ் விளக்கை வைத்துப் பளிச்சென்று அடித்தார். கல்லில் இருக்கும் குரோமியம் அணுக்கள் 694 நானோமீட்டர் சிவப்பில் லேசர் விட்டன. அவருடைய கட்டுரையை ஒரு பெரிய ஆய்விதழ் திருப்பி அனுப்பியது தனிக்கதை. பிறகு 'நேச்சர்' வெளியிட்டது. அடுத்த நாலு வருடத்துக்குள் வாயு லேசர், குறைகடத்தி லேசர், யாக் லேசர் எல்லாம் வரிசையாக வந்துவிட்டன. மகாராஷ்டிராவின் பாராமதியில் பிறந்த குமார் பட்டேல் 1964இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கார்பன் டை ஆக்சைடு லேசரைச் செய்தார். அவரைப் பற்றிப் பிறகு.

சரி, லேசரை 'சக்தி வாய்ந்த ஒளி' என்று எல்லோரும் சொல்கிறார்களே, அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கடையில் விற்கும் சிவப்பு பாயின்டர் ஐந்து மில்லிவாட்கூட இருக்காது. உங்கள் வீட்டு எல்.இ.டி. பல்பு ஒன்பது வாட். எது சக்தி வாய்ந்தது? லேசரின் பலம் வேறு மூன்று விஷயங்களில் இருக்கிறது. ஒரே நிறமாக இருப்பதால் எந்தப் பொருள் அதை விழுங்க வேண்டும், எது விட்டுவிட வேண்டும் என்று தேர்ந்தெடுக்கலாம். ஒரே திசையில் போவதால் லென்ஸ் வைத்து ஒரு தூசி அளவுப் புள்ளிக்குள் குவிக்கலாம். மூன்றாவது நேரம். வேண்டிய கணத்துக்கு மட்டும் ஒளியை விடலாம். 'எத்தனை வாட்?' என்று மட்டும் கேட்டால் லேசரைப் பற்றி ஒன்றும் தெரியாது. எந்த நிறம், எவ்வளவு புள்ளி, எவ்வளவு நேரம் என்று கேட்க வேண்டும்.

இதை வைத்து அம்மாவின் கண்ணுக்கு வருவோம்.

முதலில் ஒரு விஷயம். 'கண்புரையை லேசரில் எடுத்தார்கள்' என்று நம் ஊரில் பலர் சொல்வார்கள். பெரும்பாலும் அது லேசர் இல்லை. ஃபேக்கோ என்ற முறையில், மீயொலியில் அதிரும் ஊசியால் புரையைப் பொடித்து உறிஞ்சி எடுப்பார்கள். அதாவது ஒலியின் வேலை. சில இடங்களில் முதல் வெட்டுகளுக்கு, மிகக் குறுகிய துடிப்புகளாக ஒளியை விடும் ஃபெம்டோ லேசர் உண்டு, ஆனால் அது தனி, செலவும் தனி. புரையை எடுத்ததும், இயற்கை லென்ஸ் உட்கார்ந்திருந்த மெல்லிய உறையை மட்டும் விட்டுவைத்து அதற்குள் செயற்கை லென்ஸைப் பொருத்துவார்கள். (1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி பதினொரு படுக்கையோடு மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையும், அதன் ஆரோலேப் 1992இல் இங்கேயே அந்த லென்ஸைச் செய்யத் தொடங்கியதும்தான் இந்த ஆபரேஷனை ஏழை வீட்டு வாசல்வரை கொண்டுவந்தன.) மாதங்களோ வருடங்களோ கழித்து, சிலருக்கு அந்த உறையின் பின்பக்கத்தில் மிச்சமிருந்த செல்கள் வளர்ந்து உறை மங்கிவிடும். அம்மாவுக்கு ஆகியிருப்பது இதுவாகத்தான் இருக்கும். புரை திரும்ப வரவில்லை. லென்ஸும் கெடவில்லை. உறையின் நடுவில் ஒரு ஜன்னல் திறந்துவிட்டால் போதும்.

அந்த ஜன்னலைத் திறப்பதுதான் யாக் லேசர். ஒரு துடிப்பில், அதாவது ஒரு தடவை பளிச்சென்று விடும் ஒளியில், இருப்பது ஒன்றிரண்டு மில்லிஜூல் ஆற்றல். அதை ஒரு சொட்டுத் தண்ணீரில் மொத்தமாக இறக்கினால் தண்ணீர் நூறில் ஒரு பங்கு டிகிரிகூடச் சூடாகாது. உங்கள் பட்டறை மெஷின் இரண்டு கிலோவாட் என்றால், அது ஒரு விநாடிக்கு விடுவது இதைப் போல் பத்து லட்சம் மடங்கு. பிறகு எப்படி அவ்வளவு சின்ன ஆற்றல் உறையைக் கிழிக்கிறது? நேரம்தான் காரணம். அந்த இரண்டு மில்லிஜூலும் நாலைந்து நானோவிநாடிக்குள், அதாவது ஒரு விநாடியில் நூறு கோடியில் நாலைந்து பங்குக்குள் வெளியே வந்துவிடும். கணக்குப் போட்டால் அந்தக் கணத்தில் ஆற்றல் வெளிவரும் வேகம் ஐந்து லட்சம் வாட் பக்கம் வரும். வைகை அணையில் தேக்கிவைத்து, அழகர் ஆற்றில் இறங்குகிற நேரத்துக்கு மொத்தமாகத் திறந்துவிடுவார்கள் இல்லையா, அந்த மாதிரி. லேசருக்குள் ஒரு அடைப்பு இருக்கும். அது மூடியிருக்கும்வரை அணுக்கள் மேல்படியில் சேர்ந்துகொண்டே இருக்கும். அடைப்பு திறந்த கணம் எல்லாம் ஒன்றாக இறங்கும்.

குவியும் புள்ளியில் ஒளி அவ்வளவு அடர்த்தியாவதால், அங்கே இருக்கும் திசுவின் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிய்ந்துகொண்டு போய் ஒரு நுண்ணிய பொறி உண்டாகும். அந்தப் பொறியின் அதிர்ச்சி அலைதான் உறையைக் கிழிக்கிறது. சூடு பண்ணி எரிப்பதில்லை. புள்ளியைத் தாண்டியதும் கற்றை அகலமாக விரிந்துவிடும், அதனால் பின்னால் இருக்கும் விழித்திரைக்கு வருவது அடர்த்தி குறைந்த ஒளி. அகச்சிவப்பு கண்ணுக்குத் தெரியாது என்பதால், டாக்டர் குறிவைப்பது இரண்டு சிவப்புப் புள்ளிகளை வைத்து. இரண்டும் உறையின் மேல் ஒன்றாகச் சேரும் இடம்தான் குறி. உறைக்குக் கொஞ்சம் பின்னால் குவியும்படி வைத்து, லென்ஸில் வடு விழாமல் பார்த்துக்கொள்வார்கள். ஊசி கிடையாது, சொட்டு மருந்து போடுவார்கள். அம்மாவுக்கு 'டிக், டிக்' என்று ஒரு சத்தம் கேட்கலாம்.

ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. சிலருக்குக் கண்ணின் நீரழுத்தம் கொஞ்ச நேரம் ஏறும், அதற்குச் சொட்டு மருந்து தருவார்கள். விழித்திரை விலகுவது அபூர்வமாக நடக்கும். கருப்புப் புள்ளிகள் திடீரென்று கூடினாலோ, மின்னல் மாதிரி வெட்டினாலோ, ஒரு பக்கம் திரை விழுந்தது போல் மறைத்தாலோ, நாளைக்குப் போகலாம் என்று இருக்காமல் அன்றைக்கே போய்க் காட்டுங்கள். அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தால் அதையும் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

சர்க்கரை என்றதும் இன்னொன்று. அதே ஆஸ்பத்திரியில் பக்கத்து அறையில் பச்சை லேசர் ஒன்று இருக்கும், 532 நானோமீட்டர். சர்க்கரை நோயால் விழித்திரை கெட்டவர்களுக்கு அது. பச்சை ஒளி கருவிழியையும் லென்ஸையும் தடையில்லாமல் தாண்டிப் போய், விழித்திரைக்குப் பின்னால் இருக்கும் கரிய நிறமியிலும் ரத்தத்திலும் விழுங்கப்படும். நூற்றுக்கணக்கில் சின்னச் சின்னச் சூட்டுப் புள்ளிகள் வைத்து, புதிதாக முளைக்கும் கெட்ட ரத்தக்குழாய்களை அடக்குவார்கள். கண்ணாடியைக் கழற்ற வேண்டும் என்று இளைஞர்கள் போடுகிற லாசிக் லேசர் இதற்கு நேர் எதிர்: 193 நானோமீட்டர் புற ஊதா ஒளி. அது கருவிழியின் மேற்பரப்பைத் தாண்டாது. ஒவ்வொரு துடிப்பிலும் ஒரு மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவாகச் சீவிக்கொண்டே வரும். இந்த ஒளி திசுவை இவ்வளவு சுத்தமாகச் செதுக்கும் என்று 1981இல் கண்டுபிடித்த மூவரில் ஒருவர் மதராஸ் பல்கலைக்கழகத்தில் படித்த ரங்கசாமி சீனிவாசன். பண்டிகை விருந்தில் மிஞ்சிய வான்கோழியில்தான் சோதித்துப் பார்த்தார்கள். அவருக்கு நம் ஊரில் ஒரு சிலைகூட இல்லை, அது என் ஆதங்கம். ஒரே கண்ணில் மூன்று லேசர் மூன்று வேறு ஆழத்தில் வேலை செய்கிறது என்பதைப் பாருங்கள்.

இப்போது உங்கள் பட்டறை. அங்கே நேரம் கணக்கில்லை, ஒளி தொடர்ந்து ஓடும். மனித முடி பருமனுக்குக் குவிந்த இரண்டு கிலோவாட் இரும்பை உருக்கும், நாசில் வழியாக வரும் வாயு உருகியதை ஊதித் தள்ளும். எம்.எஸ். (சாதாரண இரும்பு) தகட்டுக்கு ஆக்ஸிஜன் விடுகிறீர்கள், ஏனென்றால் இரும்பே கொஞ்சம் எரிந்து வெப்பம் தரும். எஸ்.எஸ்.ஸுக்கு (துருப்பிடிக்காத எஃகு) நைட்ரஜன் விடுகிறீர்கள், ஓரம் கருக்காமல் பளபளவென்று வரும். இதெல்லாம் உங்களுக்கே தெரியும். ஆனால் உங்கள் மெஷினில் கண்ணாடி போன்ற அக்ரிலிக் ஷீட்டை வைத்துப் பாருங்கள், ஒளி உள்ளே புகுந்து மறுபக்கம் போய்விடும், வெட்டாது. டவுன்ஹால் ரோடு பக்கம் பெயர்ப்பலகை செய்பவர்கள் அதே அக்ரிலிக்கை வெண்ணெய் மாதிரி வெட்டுகிறார்கள், அதுவும் நூறு வாட் மெஷினில். அது குமார் பட்டேலின் கார்பன் டை ஆக்சைடு லேசர், 10,600 நானோமீட்டர். அக்ரிலிக், மரம், துணி, காகிதம் எல்லாம் அந்த நீளத்தை விழுங்கும். பித்தளையும் செம்பும் அதைத் திருப்பி அடித்துவிடும். உங்கள் இரண்டு கிலோவாட்டால் முடியாததை நூறு வாட் முடிக்கிறது, நிறம் பொருந்தியதால்.

தெற்காவணி மூல வீதியில் நகை வாங்கினால், உள்பக்கம் பொடி எழுத்தில் ஆறு எழுத்து எண் இருக்கும். 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகைக்கு அந்த எண் இல்லாமல் விற்கக் கூடாது. அதைப் பொறிப்பதும் லேசர்தான், துடிப்பு துடிப்பாக விடுவதால் தங்கம் உருகி ஓடாமல் எழுத்து மட்டும் விழும். பாட்டிமார் கையில் குத்திய பச்சையை எடுப்பதும் இதே தத்துவம். நானோவிநாடித் துடிப்பு, மையின் துகளை மட்டும் உடைக்கும். உடைந்த தூளை உடம்பின் வெள்ளணுக்கள் மெல்ல மெல்ல அப்புறப்படுத்தும். ஒரே தடவையில் போகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 'கத்தியின்றி ரத்தமின்றி' என்று எல்லா வியாதிக்கும் லேசர் போர்டு வைத்திருக்கிறார்களே, அங்கேயும் எந்த லேசர், எதற்கு என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

மற்றபடி லேசர் இல்லாத தெருவே இல்லை. கட்டட வேலையில் ரசமட்டத்தோடு இப்போது பச்சைக் கோடு போடும் லேசர் லெவலும் இருக்கிறது. மேலூர் பக்கம் வயலைச் சமப்படுத்தும் டிராக்டரின் பின்னால், சுழலும் லேசரைப் பார்த்துப் பலகையைத் தானே ஏற்றி இறக்கும் கருவி வருகிறது, மடைத் தண்ணீர் ஒரே சீராகப் பாயும். ஜெராக்ஸ் கடையில் பிரிண்டரின் உருளையில் எழுத்தை வரைவது லேசர். மளிகைக் கடையில் பார்கோடு படிக்கும் சிவப்புக் கோடும் லேசர். கடை வாசலில் ஒட்டியிருக்கும் கியூ.ஆர். அட்டையைப் படிப்பது மட்டும் லேசர் இல்லை, அது வெறும் கேமரா.

எனக்கு ரொம்பப் பிடித்தது இன்டர்நெட் கேபிள். முடி போன்ற கண்ணாடி இழையில் 1550 நானோமீட்டர் லேசர் ஓடுகிறது. அந்த நிறத்தில்தான் கண்ணாடி மிகக் குறைவாக விழுங்கும், பதினைந்து கிலோமீட்டர் போன பிறகும் பாதி ஒளி மிஞ்சும். மதுரையிலிருந்து சென்னைக்கு இரண்டரை மில்லிவிநாடிக்குள் போய்விடும். வழியில் சோர்ந்துபோகும் ஒளியை எப்படித் தூக்கிவிடுகிறார்கள் தெரியுமா? எர்பியம் கலந்த இழை ஒன்றை நடுவில் சேர்ப்பார்கள். அதன் அணுக்கள் ஏற்கெனவே மேல்படியில் காத்திருக்கும். சோர்ந்த ஒளி வந்ததும் அதே ஒளியை நகலெடுத்துக் கொடுத்துவிடும். ஐன்ஸ்டைன் 1917இல் காகிதத்தில் போட்ட கணக்கு இன்றைக்கு உங்கள் வாட்ஸ்அப் வீடியோவைத் தள்ளிக்கொண்டு போகிறது.

அறிவியலில் சொன்னால் நாள் போதாது. 1969இல் அப்போலோ 11 நிலவில் வைத்த பிரதிபலிப்பான் மேல் இன்றும் லேசர் அடித்து, ஒளி திரும்பி வரும் நேரத்தை அளக்கிறார்கள். நிலவு வருடத்துக்கு 3.8 சென்டிமீட்டர் நம்மை விட்டு விலகுகிறது என்று அப்படித்தான் தெரிந்தது. 2015 செப்டம்பர் 14இல் ஈர்ப்பு அலையை முதன்முதலில் பிடித்த அமெரிக்காவின் லைகோ ஆய்வுக்கூடம், நாலு கிலோமீட்டர் நீளக் குழாய்களில் ஓடும் லேசரால் ஆனது. அதன் அலைநீளமும் 1064, அம்மாவின் கண்ணுக்குப் போடும் அதே நிறம். நம் சி.வி. ராமன் 1928இல் சூரிய ஒளியையும் பாதரச விளக்கையும் வைத்துப் பாடுபட்டுக் கண்ட சிதறல், லேசர் வந்த பிறகு சாதாரணச் சோதனையாகிவிட்டது. கல்லின் மேல் லேசரை அடித்தால், அது எந்தக் கல் என்று அந்தச் சிதறலே காட்டிக்கொடுக்கும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. அம்மாவின் கண்ணைவிட எனக்கு உங்கள் கண்ணைப் பற்றித்தான் கவலை. 1070 நானோமீட்டர் ஒளி கருவிழி வழியாகத் தாராளமாகப் போகும், லென்ஸ் அதை விழித்திரையில் சின்னப் புள்ளியாகக் குவிக்கும். கண்ணுக்குள் போனால் அடர்த்தி லட்சம் மடங்கு ஏறும். வெளிச்சம் தெரியாது, இமை மூடாது, வலிக்காது. பார்வையின் நடுவில் ஒரு ஓட்டை விழுந்த பிறகுதான் தெரியும். பளபளப்பான தகட்டில் பட்டுத் தெறித்து வருவதே போதும். மூடிய கட்டிங் மெஷினில் பயம் குறைவு. ஆனால் இப்போது கேட், கைப்பிடி செய்யும் பட்டறைகளில் கையில் பிடிக்கும் லேசர் வெல்டிங் வந்துவிட்டது. பையன்கள் சாதாரண வெல்டிங் கண்ணாடியோ கூலிங் கிளாஸோ போட்டுக்கொண்டு வேலை செய்வதைப் பார்க்கிறேன். பார்க்க இருட்டாக இருக்கும் கண்ணாடி அகச்சிவப்பையும் தடுக்கும் என்று நினைக்காதீர்கள். சாதாரண அக்ரிலிக் தடுப்பும் பிரயோஜனமில்லை, உங்கள் ஒளி அதைத் தாண்டும் என்று மேலே சொன்னேனே. லேசர் கண்ணாடியில் எந்த அலைநீளத்துக்கு எவ்வளவு தடுக்கும் என்று அச்சிட்டிருப்பார்கள். 1064 முதல் 1080 வரை அதில் அடங்க வேண்டும், பக்கத்தில் ஓ.டி. (ஒளியை எவ்வளவு தடுக்கும் என்ற அளவு) 6 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். அது இல்லாத கண்ணாடியை முதலாளி கொடுத்தால், மாற்றிக் கேளுங்கள்.